கடுகண்ணாவையில் காது முளைத்த சட்டி

சமையலறையில் அலுமினியச் சட்டி ஒன்று கைநழுவி விழுந்தால் அது உடனே அடங்குவதில்லை. முதலில் ஓர் அதட்டல். பிறகு விளிம்பில் எழுந்து சுழன்று, சுழன்று, வட்டம் சிறுக்கச் சிறுக்கச் சத்தம் வேகமாகி, கடைசியில் மூச்சை விட்டதுபோல் ஒரு 'தப்'. மற்ற வீடுகளில் யாராவது "என்ன விழுந்தது?" என்று கேட்பார்கள். எனக்கு நெற்றி வியர்க்கும். அடையாள அட்டையைத் தேடிக் கை இல்லாத தோள்பைக்குப் போகும். பிறகு, நான் என் வீட்டில்தான் நிற்கிறேன், என்னை யாரும் பிடித்துவைத்திருக்கவில்லை என்பது மெல்ல நினைவுக்கு வந்து, கால்விரல்வரை ஒரு நிம்மதி இறங்கும் பாருங்கள், அந்த நிம்மதிக்காகவே ஒரு சட்டியை வேண்டுமென்று போட்டுப் பார்க்கலாம். (போட்டிருக்கிறேன்.)

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போர்க்காலத்தில் ஒருநாள், கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு சோதனைச் சாவடியில் என்னைப் பிடித்தார்கள். பிறகு விட்டார்கள். நல்லவள் என்று கண்டுபிடித்து விட்டிருந்தால் இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். கணக்குத் தெரியாதவள் என்று கண்டுபிடித்துத்தான் விட்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கண்டிக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் ஆய்வு மாணவி. உலகத்திலேயே தகடுகளைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் நான்தான் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. தலைமயிரைக்கூட அதற்கேற்றபடி அலட்சியமாகத்தான் முடிவேன்.

தகட்டுக்குத் திசை உண்டு. ஆலையில் பெரிய உருளைகளுக்கு நடுவே ஒரே வாட்டில் திரும்பத் திரும்ப உருட்டி அதை மெலிதாக்குகிறார்கள். அந்த உருட்டல் உலோகத்துக்குள்ளே தங்கிவிடுகிறது. பார்வைக்கு எந்தப் பக்கமும் ஒரே பளபளப்புத்தான். ஆனால் நீளவாட்டில் இழுத்தால் ஒருவிதமாக இளகும், குறுக்கே இழுத்தால் வேறுவிதமாக, மூலைவாட்டில் இன்னொருவிதமாக. பருத்திச் சேலையை மூலைவாட்டில் இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இழுத்தபின் மீளாத அந்த இளக்கத்தை, திசைக்குத் திசை குணம் மாறும் அந்தப் பிடிவாதத்தை, கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவதுதான் என் ஆய்வு. தகட்டை ஆயிரக்கணக்கான சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் "உன்னை உருட்டிய திசை இது" என்று சொல்லிக்கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கினால் என்ன வடிவம் வரும் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லிவிடும். (சொல்லிவிட வேண்டும்.)

கடுகண்ணாவையில் ஹாஜியார் ஒருவர் சட்டி செய்யும் சிறிய தொழிற்சாலை வைத்திருந்தார். வட்டமாக வெட்டிய அலுமினியத் தகட்டை ஒரு குழியின் மேல் வைத்து, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து இரும்புக் குற்றியால் அமுக்கினால் தகடு உள்ளே இறங்கிச் சட்டியாகும். ஆனால் விளிம்பு சமமாக வராது. நான்கு இடத்தில் மேலே எழும்பி, நான்கு இடத்தில் தாழ்ந்து, பூனைகள் முகம் பார்த்துக்கொள்வதுபோல் நிற்கும். அந்த எழும்பிய பகுதிக்கு அங்கே காது என்று பெயர். காதை வெட்டியெறிவதற்கென்றே தனியாக ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உருட்டிய தகடு தன் திசையை மறக்காததன் அடையாளம்தான் அந்தக் காது என்பதை நான் ஹாஜியாருக்கு விளக்கியபோது, "அப்ப மறக்க வைக்க ஏலுமா, மகள்?" என்று கேட்டார். "ஏலும்" என்றேன். அன்றிலிருந்து ஆரம்பம்.

எங்கள் பீடத்துக் கம்ப்யூட்டரில் ஒரு சட்டியை ஒருமுறை அமுக்கி முடிக்க இரண்டு நாள் ஆகும். நடுவில் மின்வெட்டு வந்தால் சட்டி பாதியில் நின்றுவிடும், மறுபடி தகட்டிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி ஏழெட்டுச் சட்டிகள் அரைகுறையாக இறந்தபின், ஓரத்தைப் பிடிக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் மாற்றி ஓட்டிய ஒரு சட்டி முழுசாகப் பிறந்தது. திரையில் அதைப் பார்த்தேன். விளிம்பு சமம். துல்லியமான சமம். காற்றில்லாத மாலையில் கண்டிக் குளம் கிடப்பதுபோல் அப்படி ஒரு சமம். அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருக்க வேண்டியவள், கவிதை எழுதினேன். ஆய்வேட்டின் முகப்பில் போடலாம் என்று திட்டம்.

என் பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் "திசைகளைப் பார்" என்று எழுதினார். பார்த்தேன். சதுரத்துக்கு ஒரு குட்டி அம்பாக, அழகாக இருந்தன. ஆய்வுக் கோவையில் செருகி வைத்துவிட்டேன்.

தொழிற்சாலையில் பிரஸ் ஓட்டும் செல்வராஜ் மட்டும் நம்பவில்லை. புசல்லாவைப் பக்கத் தோட்டத்து ஆள். என் வயதுதான். வாயும் என் வாயளவுதான்.

"காது வராமயா? மிஸ், எட்டு வருசமா அமுக்குறேன். காது வராம ஒரு சட்டி வந்துச்சுன்னா நான் என் காத அறுத்துக்கிறேன்."

"வாற செவ்வாய்க்கிழமை கத்தியைத் தீட்டி வையுங்கோ" என்றேன்.

செவ்வாய்க்கிழமைக்காக ஆறு வட்டத் தகடுகள் தயார் செய்தேன். ஹாஜியாரின் அதே தகடு, எங்கள் பட்டறையில் வெட்டியது. ஒவ்வொன்றின் மேலும் நூற்றுக்கணக்கான சின்ன வட்டங்கள் கீறினேன், தகடு இழுபடும்போது அவை எப்படி முட்டை வடிவாகின்றன என்று அளப்பதற்கு. உருட்டிய திசையைக் காட்ட ஒரு பெரிய அம்பு. சுற்றிவர 0, 45, 90 என்று பாகைகள். செய்து முடித்துப் பார்த்தபோது ஒரு கோயில் யந்திரத்தைப்போல லட்சணமாக இருந்தன. பேப்பரில் சுற்றிப் பையில் வைத்தேன். கம்ப்யூட்டர் படங்களையும் வைத்தேன். கவிதையையும் வைத்தேன். அடையாள அட்டையை வைத்தேன், பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

இந்த நான்கையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அந்தக் காலத்தில் பஸ் ஏறிய ஒரு மனுஷி, பரிசோதனைக்கூடத்தைவிட்டு வெளியுலகத்தைப் பார்த்து எத்தனை நாளாகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். வழமைபோல் எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையாக நடந்தோம். பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி என் பையில் கைவிட்டு, கனமாக ஏதோ தட்டுப்பட, ஒரு தகட்டை வெளியே எடுத்தாள். பேப்பரைப் பிரித்தாள். வட்டங்கள். அம்பு. எண்கள்.

"மேவா மொனவாத?" என்றாள். இவை என்ன என்கிறாள்.

என் சிங்களம் கண்டிச் சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்குத்தான். "ஹட்டி" என்றேன். தட்டையான தகட்டைக் காட்டி, சட்டி என்றேன்.

அவள் தகட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விசிலை ஊதினாள்.

பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. தகரக் கூரை போட்ட கொட்டிலுக்குள் ஒரு கதிரையில் உட்காரவைத்தார்கள். எதிரே இன்ஸ்பெக்டர். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி, எழுதும் முன் பேனாவை ஒருமுறை உதறும் பழக்கம்.

"மட்டக்களப்பில நாலு வருசம் வேலை செஞ்ச. தமிழ் தெரியும்" என்றார். "மெதுவா சொல்லுங்க. ரெண்டு மணிக்கு கொழும்புக்கு வாகனம் போகுது. அதுக்கு முன்ன எனக்கு விளங்கணும். விளங்கல்ல எண்டா நீங்களும் அதில போகணும்."

அது என்ன வாகனம் என்று எனக்குத் தெரியும். எங்கள் விடுதியில் பக்கத்து அறைப் பெண் ஒருத்தி அப்படி ஒரு வாகனத்தில் விசாரணைக்கென்று போய், எட்டு மாதம் கழித்துத்தான் வந்தாள். வந்தபின் ஜன்னலைச் சாத்தியே தூங்குவாள். சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொன்றே கால்.

"இந்த அம்பு என்ன?"

"உருட்டின திசை, சேர்."

"யார் உருட்டினது?"

"ஆலையில, சேர்."

"எங்க ஆலை?"

"எனக்குத் தெரியாது, சேர். வெளிநாடு."

"வெளிநாடு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அந்தச் சொல் அவர் தாளில் போய் உட்கார்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தகடு, சட்டி, காது, கம்ப்யூட்டர். விளிம்பு சமமாக வரும் என்பதை மூன்று தரம் சொன்னேன், என் பட்டப்படிப்பே அதுதான் என்றேன். அவர் அதையும் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். "தகடு அமுக்கினா ஓரம் சமமா வரும் எண்டு சொல்ற." "ஓம், சேர். நிச்சயமா." (நிச்சயமா! அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் பிடரியில் ஒன்று போடத் தோன்றுகிறது.)

அந்த நேரம் பார்த்து, கான்ஸ்டபிள் கோவைக்குள்ளிருந்து கவிதையை எடுத்து மேசையில் வைத்தாள்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது. "வாசிங்க" என்றார்.

எத்தனையோ மேடைகளில் பின்னாளில் வாசித்திருக்கிறேன். மைக் வேலை செய்யாமல் வாசித்திருக்கிறேன், சாப்பாட்டு வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது வாசித்திருக்கிறேன். அந்தக் கொட்டிலுக்கு எதுவும் ஈடில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தேன்.

"திசையெல்லாம் ஒன்றான என் தகடே,
இனி உன் எல்லையில் எவரும் எழும்பார்.
நடுவிலிருந்து நாலாபக்கமும் நீ பரவு."

தகரத்தில் தூறல் விழத் தொடங்கியது.

"எல்லை" என்றார் இன்ஸ்பெக்டர். "எல்லையில யார் எழும்புறது?"

"விளிம்பு, சேர்."

"அந்த ஆள் எங்க இருக்கிற?"

"ஆள் இல்லை, சேர். சட்டியின்ர விளிம்பு."

"நாலாபக்கமும் பரவுறது?"

"தகடு, சேர்."

"நீங்க சட்டிக்குக் கவிதை எழுதுவீங்க?"

"ஓம், சேர்" என்றேன். அதைவிடப் பொய்யாக ஒலிக்கும் உண்மையை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ், கோபத்தில சொல்லல்ல. கவிதை நல்லா இல்ல."

பன்னிரண்டு மணிக்கு வாசலில் குடை மடிக்கும் சத்தம். என்னை வழமையாகத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடும் பஸ் கண்டக்டர் மேலே அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார், ஹாஜியார் வந்துவிட்டார். பின்னால் செல்வராஜ், கையில் கிரீஸோடு அப்படியே.

"மாத்தயா, இது நம்மட கெம்பஸ் புள்ள" என்றார் ஹாஜியார், இன்ஸ்பெக்டரிடம். "சட்டிக்கு கணக்கு படிக்கிற. தங்கமான புள்ள. நான் பொறுப்பு." பிறகு தகட்டைக் கண்டதும் என் பக்கம் குனிந்து, "ஏன் மகள், இந்த அம்பெல்லாம் என்னத்துக்குக் கீறினீங்க? ஒரு பூவக் கீறீந்தா ஒரு கரச்சலும் இல்லயே" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஹாஜியாரை அறிந்தவர். கொஞ்சம் இளகினார் என்று நினைத்தேன். ஆனால் பேனாவை உதறினார். ஒரு தகட்டை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தில் என் கம்ப்யூட்டர் படத்தை விரித்தார். அந்தப் படத்தில் ஒவ்வொரு சின்னச் சதுரத்தின் மேலும் அதன் உருட்டிய திசையைக் காட்டும் குட்டி அம்பு ஒன்று உண்டு.

"மிஸ்" என்றார். "தகட்டில அம்பு ஒண்டு. ஒரே பக்கம் போகுது. படத்தில அம்பு நிறைய. நடுவில இருந்து எல்லாப் பக்கமும் போகுது. குண்டு வெடிச்சாத்தான் இப்பிடிப் போகும். ரெண்டும் உருட்டின திசை எண்டு நீங்க சொன்ன. எது பொய்?"

படத்தைப் பார்த்தேன். தகட்டைப் பார்த்தேன். மறுபடி படத்தை.

"ஐயோ!" என்று கத்திவிட்டேன். கான்ஸ்டபிளின் கை இடுப்புக்குப் போனது.

அவர் கேட்டது சரி. சட்டி வட்டமாக இருக்கிறதே என்று, கணக்குக்கு லேசாக இருக்கட்டும் என்று, திசைகளையும் வட்டத்துக்கேற்றபடி கொடுத்திருந்தேன். விளைவு, ஒவ்வொரு சதுரமும் தன்னை நடுவிலிருந்து வெளிநோக்கி உருட்டியதாக நம்பிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு தகடு உலகத்தில் கிடையாது. அது தகடே இல்லை, ரொட்டி. மாவை நடுவில் வைத்து எல்லாப் பக்கமும் தட்டுகிறோமே, அது. ரொட்டிக்கு எப்படிக் காது முளைக்கும்? இரண்டு வருடம், ஏழெட்டு மின்வெட்டு, ஒரு கவிதை, எல்லாம் சேர்த்து நான் கம்ப்யூட்டரில் ரொட்டி சுட்டிருக்கிறேன். பேராசிரியரின் பென்சில் அதைத்தான் சொல்லியிருந்தது.

ஒரு நிமிடம் கொழும்பு வாகனம் மறந்துபோய்விட்டது. வெட்கம் பயத்தை முந்திக்கொண்டு ஓடியது. பிறகு பயம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. விளிம்பு சமமாக வரும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது மாற்றிச் சொன்னால், விசாரணையில் பேச்சு மாறியவள். சொல்லாமல் விட்டால், இவர்கள் மேலே போய் அமுக்கிப் பார்த்ததும் பொய்க்காரி.

செல்வராஜ் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "மிஸ், இப்ப வாயத் தொறக்காதீங்க" என்று உதடு அசையாமல் சொன்னார்.

"சேர், படம் பிழை" என்றேன். "நான் சொன்னதும் பிழை. காது வரும்."

"யா அல்லாஹ்!" என்றார் ஹாஜியார். "சரியாத்தானே மகள் பேசிட்டீந்தீங்க?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "வாக்குமூலம் மாத்துறீங்க?"

"ஓம், சேர். நீங்கள் கேட்டபிறகுதான் பிழை தெரிஞ்சது."

"நான் கண்டுபிடிச்ச?"

"நீங்கதான், சேர்."

அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். வாகனம் வருவதற்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம். "சரி. காது வரும் எண்டு சொல்ற. எங்க வரும்? சும்மா வரும் எண்டு எல்லாரும் சொல்லலாம். இந்த ஹாஜியார்ட ஆளும் சொல்லுவான். இடம் சொல்லுங்க, மேல போய் அமுக்கிப் பாப்பம். சொன்ன இடத்தில வந்தா நீங்க கெம்பஸ் மிஸ். வேற இடத்தில வந்தா நான் ஒண்டும் செய்ய ஏலாது."

எவ்வளவு நியாயமான மனிதர்! என் ஆய்வுக்குழுவில் இருந்த யாரும் இவ்வளவு தெளிவாகக் கேள்வி கேட்டதில்லை.

ஒரு தாள் வாங்கிக்கொண்டேன். கம்ப்யூட்டர் இல்லை, இரண்டு நாள் இல்லை. இருந்தது ஞாபகத்திலிருந்த மூன்று எண்கள் மட்டும். அதே தகட்டிலிருந்து மூன்று திசையில் நாடாக்கள் வெட்டி, பரிசோதனைக்கூடத்தில் இழுத்து அளந்திருந்தேன். நீளவாட்டு நாடாவும் குறுக்குவாட்டு நாடாவும் இழுத்தபோது மெலிந்துபோயின. மூலைவாட்டு நாடா மட்டும் மெலிய மறுத்து, அகலத்தில் ஒடுங்கியது. மெலிய மறுக்கும் திசையில்தான் தகடு மேலே எழும்ப வேண்டும். அப்படியென்றால் அம்புக்கு நீளவாட்டிலும் இல்லை, குறுக்கிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், நாலு மூலையிலும்.

செல்வராஜிடம் ஓர் ஆணி வாங்கி, தகட்டின் ஓரத்தில் நான்கு இடத்தில் கீறினேன். ஆணி வழுக்கியதில் மூன்றாவது கீறல் பல்லி வால்போல் நெளிந்தது.

"எப்பவும் எங்கின காது வரும், செல்வராஜ்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"நாலு வரும். எங்கினன்னு யாரு மிஸ் பாத்தா? அம்பு போட்டா தகடு தர்றாங்க எங்களுக்கு?"

தூறலில் ஊர்வலமாக ஏறினோம். முன்னால் இன்ஸ்பெக்டர், கையில் படத்தைச் சுருட்டிக்கொண்டு. பிறகு நான், பக்கத்தில் கான்ஸ்டபிள். ஹாஜியார் ஒரே குடையை யாருக்குப் பிடிப்பதென்று தெரியாமல் எல்லோருக்கும் மாற்றி மாற்றிப் பிடித்து அனைவரையும் நனைத்தார். கடைசியில் செல்வராஜ், தகடுகளைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு. என் ஆய்வேட்டின் நேர்முகத் தேர்வுக்குக்கூட இத்தனை பேர் வரவில்லை.

பிரஸ்ஸைச் சுற்றி வேலையாட்கள் கூடிவிட்டார்கள். செல்வராஜ் தகட்டுக்கு எண்ணெய் தடவி, குழியின் மேல் வைத்து, என்னைப் பார்த்தார். ஒரு வாரத்துக்கு முன் இதே இடத்தில் காது வரக்கூடாது என்று சவால்விட்டு நின்றவள், இப்போது நாலு காதையும் கொடுத்துவிடு என்று கேட்டுக்கொண்டு நின்றேன். குறைபாடு ஒன்றை வேண்டிப் பிரார்த்தித்த முதல் பொறியியலாளர் நானாகத்தான் இருப்பேன்.

குற்றி இறங்கியது. தரை அதிர்ந்தது. அலுமினியம் உள்ளே இறங்கும்போது ஒரு நீண்ட பெருமூச்சு விடும், அதை அன்றுதான் முழுசாகக் கேட்டேன். செல்வராஜ் சட்டியை எடுத்துத் துணியால் துடைத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

காதுகள் இருந்தன. கொழுத்த, அழகான காதுகள்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு விரலால் விளிம்பைத் தடவினார். "ஒண்டு. கீறல் இருக்கு." சட்டியைத் திருப்பினார். "ரெண்டு. சரி." திருப்பினார். நெளிந்த கீறல். "மூணு. இது என்ன, பல்லியா? சரி." திருப்பினார். நிறுத்தினார்.

"நாலாவது தள்ளி இருக்கு."

விளிம்பை எட்டிப் பார்த்தேன். நாலாவது காது என் கீறலைவிட்டு ஒரு விரலளவு விலகி, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. திசைக் கணக்கில் ஒரு காது மட்டும் தள்ளிப்போக வழியே இல்லை என்று கத்த வேண்டும்போலிருந்தது. கத்தினால் இன்னொரு வாக்குமூலம்.

"அது என் பெழைங்க சேர்" என்றார் செல்வராஜ். "தகட்ட நடுவுல வைக்கல. எல்லாரும் சுத்தி நின்னு பாத்தா எனக்குக் கை ஓடாதுங்க. இந்தா பாருங்க, இந்தப் பக்கம் ஓரம் தடிப்பு, அந்தப் பக்கம் மெலிசு."

இன்ஸ்பெக்டர் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"அப்ப மூணரைக் காது சரி" என்றார்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உதறினார்.

"மூணரை போதும்."

ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் அங்கிருந்த தகடு அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று தீர்மானிக்க முடியாத ஏதோ ஒன்று வெளியே வந்தது. கான்ஸ்டபிள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தேநீர் வந்தது. வெளியே தூறல் நின்று, மலைச்சரிவு முழுக்கக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்ததுபோல் மினுங்கியது. அவ்வளவு பச்சையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என் வாக்குமூலத்தின் அடியில் சிங்களத்தில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். என்ன எழுதியிருக்கிறது என்று ஹாஜியாரைக் கேட்டேன். அவர் வாசித்துவிட்டு, மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "மேற்படி பெண் கணக்கில் பலவீனமானவர், ஆபத்தில்லாதவர்னு எழுதி ஈக்கி, மகள்" என்றார். போட்டேன். அதைவிட மனமுவந்து நான் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திட்டதில்லை.

பிறகு திசைகளை ஒழுங்காகக் கொடுத்து ஓட்டியபோது, கம்ப்யூட்டரும் நான்கு காது போட்டது, நான்கும் மூலைவாட்டில். ஆய்வேட்டின் நன்றியுரையில் "திசைப் பிழையைக் கண்டுபிடித்த வெளிப் பரிசோதகருக்கு" என்று ஒரு வரி சேர்த்தேன். யாரது என்று பேராசிரியர் கேட்டார். கொழும்போடு தொடர்புள்ளவர் என்றேன்.

இன்று என் வீட்டில் எதையும் நன்று, தீது என்று சொல்வதில்லை. மகள் பரீட்சை எழுதிவிட்டு வந்தால், "எத்தனை காது?" என்று என் கணவர் கேட்பார். "மூன்றரை" என்றால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நான் புதிதாக எழுதியதை வாசித்துக்காட்டினாலும் அதே அளவுகோல்தான். இதுவரை மூன்றுக்கு மேல் போனதில்லை. எதையாவது நான் "நிச்சயமா" என்று சொல்லிவிட்டாலோ, பேச்சே இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் தங்கள் காதைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

அன்று கண்டி பஸ்ஸை இன்ஸ்பெக்டரே கைகாட்டி நிறுத்தினார். சட்டியைத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார், மேலிடம் கேட்டால் காட்ட வேண்டுமாம். ஐந்து தகடுகளையும் ஒரு கடதாசிப் பையில் போட்டு, அம்புப் பக்கம் உள்ளே இருக்கும்படி தானே திருப்பி வைத்து, என்னிடம் தந்தார். ரெண்டு மணி வாகனம் எங்களைத் தாண்டி, என் இடம் காலியாக, வளைவில் இறங்கிப் போனது. நான் மிதிபலகையில் ஏறி நின்று திரும்பினேன். என்ன சொல்வது இந்த மனிதருக்கு? எங்கள் வீட்டில் யாரிடம் விடைபெற்றாலும் சொல்கிற சொல்தான் வாயில் வந்தது.

"அப்ப போட்டு வாறன், சேர்."

இன்ஸ்பெக்டர் கக்கத்துச் சட்டியை இறுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"வர வேணாம், மிஸ். போங்க. போனா போதும்."